காது வைக்காத அறைகள்

"பாஸ், எனக்கு அந்த வேலை வாங்கித் தர முடியுமா?"

பட்டாசு இப்படிக் கேட்டபோது வண்டி சிக்னலில் நின்றிருந்தது. அவள் கையில் பாதி கடித்த பன். வீட்டில் வைத்த பெயர் வேறு. வாய் ஓயாததால் பட்டாசு. ஓட்டிக்கொண்டிருந்தவர் அவளுடைய பாஸ், துப்பறியும் நிபுணர் நிதானம். எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"எந்த வேலை?"

"காலையில பார்த்தோமே, அந்த மொழிபெயர்ப்பு வேலைதான். ஃபைலைத் திறக்கவே வேண்டாம், மொழிபெயர்த்துக் கொடுத்துடலாம். படுத்துக்கிட்டே செய்யலாம் போல."

"என்ன உளர்றே?"

"நான் எங்க உளர்றேன்? நீங்கதானே எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. லாக்ல பார்த்தா கடைசி எபிசோட் ஃபைலைத் திறந்தது டீச்சர் ஒருத்தர்தான். மத்த பதினோரு பேரும் உள்ள வந்தாங்க, போனாங்க, எதையும் தொடல. ஆனா பன்னிரண்டு மொழியிலயும் வசனம் வந்து சேர்ந்தாச்சு. தொடாமலே எப்படி பாஸ்?"

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன்கள் கூப்பாடு போட்டன. நிதானம் வண்டியை நகர்த்தவில்லை. காது மடல் சூடேறுவது அவருக்கே தெரிந்தது. இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு சாதாரணமான ஒன்று கண்ணில் படாமல் போனதில்லை. ஒருவர் பெயரைக் கெடுத்த அன்றைக்குத்தானா போக வேண்டும்?

காலையில் நடந்தது இதுதான். ஊரெல்லாம் பார்க்கிற ஒரு தொலைக்காட்சித் தொடரின் கடைசி எபிசோட் வசனம், ஒளிபரப்புக்கு முன்பே இணையத்தில் வெளியாகிவிட்டது. பங்களாவில் விஷம் வைத்தது யார் என்று தெரிந்துபோன பிறகு அந்த எபிசோடை எவன் பார்ப்பான்? வசனத்தைப் பன்னிரண்டு மொழிகளில் பெயர்த்து, டப்பிங்கும் செய்து கொடுக்கிற நிறுவனத்திலிருந்துதான் கசிந்திருக்கிறது என்று தெரிந்ததும், அதன் முதலாளியம்மா நிதானத்தைக் கூப்பிட்டார்.

அங்கே இருப்பது ஒரே ஒரு யூனிக்ஸ் சர்வர். மொழிக்கு ஒருவராகப் பன்னிரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், ஆளுக்கு ஒரு அக்கவுண்ட். ஒவ்வொரு அக்கவுண்டும் பூட்டிய அறை மாதிரி. ஒருவர் அறைக்குள் இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாது. யார் வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்பதை லாக் எழுதி வைக்கும். அந்த லாக்கை ஒரே ஒரு முறை புரட்டிவிட்டு, நிதானம் ஹாலில் எழுந்து நின்று சொல்லிவிட்டார்: இந்த ஃபைலைத் திறந்தது ஒரே ஒருவர்தான்.

எல்லோரும் டீச்சர் பக்கம் திரும்பினார்கள். முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் டீச்சர். "நான் வேலைக்காகத்தான் சார் திறந்தேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மற்ற பதினோரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாவம், கூட வேலை செய்தவருக்காக வருந்துகிறார்கள் என்று நிதானம் நினைத்தார்.

சாயங்காலத்துக்குள் எல்லா டப்பிங் நிறுவனங்களுக்கும் டீச்சர் பெயரைச் சொல்லி எச்சரிக்கை அனுப்பிவிடுவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். அது போய்விட்டால் அப்புறம் டீச்சரை நம்பி ஒரு வரி வசனம்கூட யாரும் கொடுக்க மாட்டார்கள்.

"பாஸ், பின்னாடி இருக்கிறவர் நம்ம பரம்பரையையே திட்டுறார்."

"திட்டட்டும். எனக்கு வேணும்" என்றார் நிதானம். வண்டியை வந்த வழியே திருப்பினார்.

*

சர்வர் அறை, காபி மெஷினுக்குப் பின்னால் ஒரு பொந்து. உள்ளே அப்படி ஒரு குளிர். சர்வரைக் கவனித்துக்கொள்கிற சிஸ்டம்காரர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் முட்டியது.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றார் நிதானம். "டீச்சர் ரூம்ல நடந்தது மட்டும் லாக்ல வருது. மத்த ரூம்ல கதவு திறந்தது வருது, மூடினது வருது. நடுவுல ஒண்ணும் இல்ல. ஏன்?"

"அவங்க எதுவும் செய்யலைன்னா வராது சார்."

"பதினோரு பேரும் சும்மா உள்ள வந்து மோட்டுவளையைப் பார்த்துட்டுப் போனாங்களா?"

சிஸ்டம்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே," என்றாள் பட்டாசு, "இந்தக் குளிர்ல உங்களுக்கு வேர்க்குது. ஏசியை மாத்தணும், இல்லேன்னா பதிலை மாத்தணும்."

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் தரையைப் பார்த்துப் பேசினார்.

"லாக் எழுதுற புரோகிராம் வெளியில இருக்கு சார். மெயின் கேட்ல யார் வந்தாலும் போனாலும் அதுக்குத் தெரியும். ஆனா ரூமுக்குள்ள போயிட்டா, அந்த ரூம்தான் அவங்களுக்கு உலகம். உள்ள நடக்கிறது வெளியில இருக்கிற புரோகிராமுக்குக் கேட்கணும்னா, ஒவ்வொரு ரூமுக்குள்ளயும் ஒரு சாக்கெட் வைக்கணும். நாங்க அதைக் காதுன்னு சொல்லுவோம். வெச்சுட்டு, இந்தக் காதையும் கேளுன்னு அந்தப் புரோகிராமோட செட்டிங்ல ரூமுக்கு ஒரு வரி எழுதணும்."

"எழுதலையா?"

"மாதிரிக்குன்னு ஒரு ரூம் செஞ்சு வெச்சிருக்கேன் சார். புதுசா ஆள் வந்தா அதை அப்படியே காப்பி அடிச்சுக் கொடுத்துடுவேன். அந்த மாதிரி ரூம்லயே காது வைக்க மறந்துட்டேன். அப்புறம் காப்பி அடிச்ச எல்லாமே செவிடு. கேட் லாக் வந்துக்கிட்டே இருந்ததால யாருக்கும் சந்தேகம் வரல. எனக்குத் தெரிஞ்சப்ப, சரி, நேரம் கிடைக்கிறப்ப செஞ்சுக்கலாம்னு விட்டுட்டேன்."

"டீச்சர் ரூம்ல மட்டும் எப்படி இருக்கு?"

இங்கேதான் சிஸ்டம்காரரின் குரல் கம்மியது. "அவங்க ஒரு தடவை வந்து, நான் அனுப்புற ஃபைல் பாதியில அறுந்துபோகுது, என்னன்னு பாருங்கன்னு சொன்னாங்க. என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க அவங்க ரூம்ல மட்டும் நானே ஒரு காது வெச்சேன். கோளாறு சரியாச்சு. காதை எடுக்கல."

"ஆக, ஒழுங்கா வந்து புகார் சொன்ன ஒரே ஆளை மட்டும்தான் இத்தனை நாளா நாம கண்காணிச்சிருக்கோம்" என்றாள் பட்டாசு. அவள் குரலில் கிண்டல் இல்லை.

"காலையில நான் பேசினப்ப நீங்க கதவு பக்கத்துலதான் நின்னீங்க" என்றார் நிதானம்.

"நின்னேன் சார்."

"ஏன் சொல்லல?"

"எல்லா ரூமுக்கும் லாக் இருக்குன்னு மேடம்கிட்ட அடிச்சுச் சொல்லியிருந்தேன் சார். இப்ப போய் இல்லேன்னு எந்த முகத்தோட சொல்றது?" அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "அந்தம்மா என்னைத் தாண்டித்தான் வெளியில போனாங்க. வரேன்னு சொல்லிட்டுப் போனாங்க சார், என்கிட்ட."

நிதானத்துக்கு அவரைத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் திட்டுகிற யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று நினைத்ததும் வாய் எழவில்லை. இவர் வேலையைத் தள்ளிப்போட்டார். தானோ யோசனையையே தள்ளிப்போட்டுவிட்டு ஹாலில் போய் நின்றதை நினைத்து அவருக்கு உடம்பு கூசியது.

"இப்ப வைக்க முடியுமா?"

"காதா? உடனே வைக்கலாம் சார்."

"எல்லா ரூமுக்கும். ஒண்ணு விடாம."

"பதினொண்ணு."

"மேடமுக்கு ஒரு அக்கவுண்ட் இருக்குமே?"

சிஸ்டம்காரர் தயங்கினார். "இருக்கு. அவங்க ரூம்லதான் மூல வசனமே இருக்கும். அதுவும் இதே காப்பிதான்."

"அப்ப பன்னிரண்டு."

*

முதலாளியம்மா எல்லாவற்றையும் கேட்டார். சிஸ்டம்காரரை ஒரு பார்வை பார்த்தார். அவர் இன்னும் ஒரு சுற்று சிறுத்துப்போனார்.

"என் ரூமுக்குமா?" என்றார் நிதானத்திடம்.

"பேருக்குத்தான் மேடம். ஒண்ணை மட்டும் விட்டா அப்புறம் அதையே ஒருத்தர் கேள்வி கேட்பாங்க. காலையில அனுபவப்பட்டுட்டேன்."

திட்டம் எளிமையானது. கசிந்துபோன முடிவு செல்லாது, தயாரிப்பாளர் புது முடிவு எழுதிக் கொடுத்துவிட்டார், எல்லோருடைய அறையிலும் வைத்தாயிற்று, நாளைக் காலை நான் சொன்ன பிறகுதான் திறக்க வேண்டும் என்று முதலாளியம்மா ஆபீஸ் முழுக்கச் செய்தி அனுப்பினார். உண்மையில் எந்தப் புது முடிவும் இல்லை. ஃபைலுக்குள் இருந்தது பட்டாசு அவசரமாகத் தட்டி வைத்த கதை.

"யார் விஷம் வெச்சதா எழுதியிருக்கே?"

"நாய் பாஸ்."

"நாயா?"

"அது ஒண்ணு மேலதான் யாருக்கும் சந்தேகம் வரல."

நால்வரும் முதலாளியம்மாவின் அறையில் உட்கார்ந்தார்கள். சிஸ்டம்காரரின் மடிக்கணினியில் லாக் வரி வரியாக ஏறியது. காது வைத்த பிறகு அந்த சர்வர் வாயாடியாகிவிட்டது. ஒருவர் வந்தார், பழைய வேலையைத் திறந்தார், சேமித்தார், போனார். இன்னொருவர் வந்தார், ஃபைலின் பெயரைப் பார்த்தார், தொடாமல் போனார். காலையில் நடந்ததைப் பார்த்தவர்களில் யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்? பதினோரு பேரில் ஒருவர்கூடப் புது முடிவைத் தொடவில்லை.

முதலாளியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் ஆச்சு. நீங்க சொல்றதுக்காகப் பொறுத்தேன். எச்சரிக்கையை அனுப்பிடட்டுமா? யாருமே திறக்கலைன்னா டீச்சர்தானே?"

"கொஞ்சம் பொறுங்க மேடம்."

"உங்க தப்பை மறைக்க என் நேரத்தை வீணாக்காதீங்க."

நிதானத்துக்கு அது சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல வாயெடுத்தவர், சிஸ்டம்காரரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம்," என்றார் சிஸ்டம்காரர், "நீங்க இப்ப எதையாவது திறந்தீங்களா?"

"நான் எங்க திறந்தேன்? கையில காபி வெச்சிருக்கேன்."

"சர்வர்ல உங்க ரூமுக்குள்ள யாரோ இருக்காங்க. புது முடிவைத் திறந்தாச்சு. இப்ப அதை வெளியில எடுக்கிறாங்க."

காபிக் கோப்பை அப்படியே நின்றது.

"எந்த மெஷின்ல இருந்து?" என்றார் நிதானம்.

"கேட் லாக்ல இருக்கு சார். மாடியில, டப்பிங் ரூம்."

"மேடம், உங்க பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?"

முதலாளியம்மா கோப்பையை மேஜைமேல் வைத்தார். கொஞ்சம் சிந்தியது. அதைத் துடைக்காமல் எழுந்து மாடிப்படியை நோக்கி நடந்தார்.

டப்பிங் அறையில் ஒருவன்தான் இருந்தான். நிறுவனத்தின் டப்பிங் இயக்குநர். முதலாளியம்மாவின் உடன்பிறந்த தம்பி. ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரையை முறைத்துக்கொண்டிருந்தான். கதவு திறந்த சத்தத்துக்குத் திரும்பாமலே கேட்டான்.

"யாருப்பா இந்த முடிவை எழுதினது? விஷம் வெச்சது நாயாம்."

"நான்தான்" என்றாள் பட்டாசு. "பிடிக்கலையா?"

அவன் திரும்பினான். அக்காவைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"உனக்கு அந்த பாஸ்வேர்டை எதுக்குக் கொடுத்தேன்?" என்றார் முதலாளியம்மா. சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. "எனக்குக் கம்ப்யூட்டர் வராதுன்னு, கூடப்பிறந்தவனாச்சேன்னு கொடுத்தேன்."

"அக்கா, வேற ஒரு கம்பெனியில என்னைப் படம் இயக்கவே கூப்பிடறாங்க. கடைசி எபிசோட் மட்டும் முன்கூட்டியே பார்க்கணும்னாங்க. இப்படி இணையத்துல போடுவாங்கன்னு நான் நினைக்கல. இன்னைக்கு முடிவு மாறிடுச்சுன்னு சொன்னதும், அதுவும் வேணும்னு ஒரே தொந்தரவு. எத்தனை நாளைக்கு நான் இங்கேயே உன் நிழல்ல குந்திக்கிட்டு..."

"காலையில டீச்சர் போனப்ப நீ எங்க இருந்தே?"

தம்பி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது நீதானே?"

அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

*

வராந்தாவில் முதலாளியம்மா நிதானத்தை நிறுத்தினார். காலையில் இருந்த கம்பீரம் போன இடம் தெரியவில்லை.

"ஒரு வேண்டுகோள். டீச்சருக்கு வேலையைத் திரும்பக் கொடுத்துடறேன். எச்சரிக்கை எதுவும் போகாது. தம்பியை நான் அனுப்பிடறேன். ஆனா விஷயம் இதோட அமுங்கட்டும். எங்க அம்மா காதுக்குப் போனா என்ன ஆகும்னு தெரியாது. எனக்கு வெளியில தலைகாட்ட முடியாது."

"எனக்கும்தான் மேடம்" என்றார் நிதானம். "நான் தப்பா சொன்னதை யாருக்கும் தெரியாம மறைச்சுட்டா எனக்கும் நல்லதுதான். ஆனா அந்தம்மாவை எல்லார் முன்னாடியும் சொன்னேன். திரும்ப எடுத்துக்கிறதும் எல்லார் முன்னாடியும்தான். யாரையும் வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. நான் அவங்களைக் கூட்டிட்டு வரேன்."

டீச்சர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். கதவைத் திறந்தவர் அவருடைய கணவர். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் தலை நிமிராமல் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"தப்பு என்னோடது" என்றார் நிதானம். எடுத்தது யார், லாக் ஏன் அப்படி இருந்தது என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். சப்பைக்கட்டு கட்டவில்லை. "உங்ககிட்ட மன்னிப்பு கேட்கத்தான் வந்தேன்."

டீச்சர் எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டார்.

"காலையில இருந்து அவர் என்கூடப் பேசல" என்று உள்ளே கை காட்டினார். "நம்பாம இல்ல. என்ன பேசறதுன்னு தெரியாம. தெரு முழுக்க அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு." பிறகு நிதானத்தை நேராகப் பார்த்தார். "லாக்ல பொய் எதுவும் இல்லையே சார். நான் திறந்தேன்னு எழுதியிருந்தது. திறந்தேன்தான். படிச்சவர்தான் தப்பாப் படிச்சுட்டார்."

"ஆமாம்மா."

"நீங்க வெளி ஆள். உங்களை விடுங்க. ஒண்ணு கேட்கிறேன். திறந்தது ஒரே ஒருத்தர்னு நீங்க சொன்னப்ப, அங்க பதினோரு பேர் உட்கார்ந்திருந்தாங்க. அத்தனை பேரும் அந்த ஃபைலைத் திறந்து வேலை செஞ்சவங்க. நானும்தான் திறந்தேன்னு அவங்கவங்களுக்குத் தெரியும் இல்லையா?"

நிதானத்துக்கு அந்த ஹால் மறுபடியும் கண்முன் வந்தது. குனிந்த பதினோரு தலைகள். வருத்தம் என்று அல்லவா நினைத்திருந்தார். ஒவ்வொருவரும் தன் பெயர் லாக்கில் விட்டுப்போனதை நினைத்து மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அவர் பட்டாசைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றாள் அவள் மெதுவாக. "எல்லாரும்தானே திறந்தாங்கன்னு."

"சொல்லியிருக்கலாம். மத்தவங்களையும் இழுத்துவிடற மாதிரி ஆகுமேன்னு பார்த்தேன். யாராவது ஒருத்தர் தானா சொல்லுவாங்கன்னு கதவு வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன்." டீச்சர் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். "மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார். காலையில கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்ப கேளுங்க. நானும் வரேன்."

ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். சிஸ்டம்காரர் அதே கதவருகில் நின்றார். முதலாளியம்மா பின்சுவரில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் தம்பி, தரையைப் பார்த்தபடி. டீச்சர் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிப் பெண் அவருக்கு இடம் கொடுக்க நகர்ந்தாள்; முகத்தைப் பார்க்கவில்லை.

நிதானம் காலையில் நின்ற அதே இடத்தில் நின்றார்.

"காலையில இங்க நின்னு ஒருத்தரைத் திருடின்னு சொன்னேன். அது தப்பு. எடுத்தவர் யாருன்னு தெரிஞ்சாச்சு, அவரே அதைச் சொல்லுவார். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. நான் முதல்லயே இதைக் கேட்டிருக்கணும், கேட்கல. அந்தக் கடைசி எபிசோட் ஃபைலை இங்க யாரெல்லாம் திறந்தீங்க?"

யாரும் அசையவில்லை. காபி மெஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, டீச்சருக்குப் பக்கத்தில் இருந்த பெண் கையைத் தூக்கினாள். முழுசாகத் தூக்கவில்லை, தோள் வரைக்கும்தான். அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கை. ஜன்னலோரம் இரண்டு. எல்லோருக்கும் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு தூக்கினார். ஒவ்வொன்றாகப் பதினோரு கைகள் மேலே வந்தன. ஒருவரும் இன்னொருவரைப் பார்க்கவில்லை.

டீச்சர் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். பிறகு அவரும் கையைத் தூக்கினார்.